ஒரகடத்துப் பேச்சு சாம்பாராகும் விதம்

ஒரகடம் கூட்ரோட்டில் ஷிஃப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒரு பெண்ணோடு கொஞ்ச தூரம் நடந்து, அவர் பேசுவதைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். தென்காசிப் பக்கத்துக்காரர். கூட வரும் தோழியிடம், "டார்கெட் முடிச்சிட்டோம்டி, நாளைக்கு ஓ.டி. இருக்காம்" என்கிறார். போன் அடிக்கிறது, லைன் லீடர். "சொல்லுங்க சார்... ஓகே சார்... கரெக்டா வந்துடறேன் சார்." டீக்கடையில், "அண்ணே, ஒரு டீ, சக்கரை கம்மியா." மறுபடி போன், இந்த முறை அம்மா. "சாப்ட்டேம்மா. ரூமுக்குப் போயிட்டுப் பொறவு பேசுதேன். தம்பி ஒழுங்கா படிக்கானா?"

பத்து நிமிடத்துக்குள் நான்கு விதமான தமிழ். யாரும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. மாற்றி மாற்றிப் பேசுகிறோம் என்ற நினைப்புகூட அவருக்கு இருக்காது. கேட்கிறவர்கள்தான் ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருப்பார்கள்: "பட்டணம் வந்ததும் பேச்சே மாறிடுச்சு", "இங்கிலீஷ் கலந்து தமிழைக் கெடுக்குதுங்க", "ஊர்ப் பேச்சு இன்னும் போகல பாரு". இண்டர்வியூ அறையிலும் ஹாஸ்டல் வாசலிலும் லைனிலும் இந்தத் தீர்ப்புகள் ஒருவரின் மதிப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. பேச்சு எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர்களுக்கு இப்படித் தீர்ப்புச் சொல்ல வாய் வராது. அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

சமையலறைக்குள் போனால் விஷயம் சுலபமாகப் புரியும். சாம்பாரை எடுத்துக்கொள்வோம். பருப்பு, காய், உப்பு, கொதி, தாளிப்பு, கடைசியில் பந்தி. சேர்மானம் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் ஒரு வீட்டின் ருசி இன்னொரு வீட்டில் வராது. ஒரே வீட்டிலும் திங்கட்கிழமைச் சாம்பார் வேறு, சம்பந்தி வந்த நாளின் சாம்பார் வேறு. பேச்சும் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஆக்கப்படுவதுதான்.

முதலில் அடுப்பு எரியும் இடமான ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தைப் பார்த்துவிடலாம். 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-இல் அங்கிருந்து முதல் சான்ட்ரோ கார்கள் ஓடின. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா, 2014 நவம்பரில் நிற்கும்வரை ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு முதல் சம்பளத்தைக் கொடுத்தது. 2010-இல் ரெனோ-நிசான் ஒரகடத்தில் தொடங்கியது. 2012-இல் பாரத்பென்ஸ் லாரிகள் வந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென்று அரசு நிறுவனமான சிப்காட் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது. அதில் 18,720 பேர் தங்கலாம். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த ஊர்களில், ஒரு தலைமுறைக்குள், தமிழ்நாட்டின் எல்லா வட்டாரப் பேச்சும் ஒடியாவும் இந்தியும் வங்காளியும் அசாமியும் கொரியனும் ஜப்பானிய மொழியும் வந்து சேர்ந்திருக்கின்றன. சமூகம் பேச்சை எப்படி ஆக்குகிறது என்பதைக் கண்ணெதிரே பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பருப்பு: வீட்டில் வெந்தது

சாம்பாருக்கு உடம்பு கொடுப்பது பருப்பு. பேச்சில் அந்த இடம், பள்ளிக்கூடம் போகும் முன்பே காதில் விழுந்து வாயில் ஊறிய வீட்டுப் பேச்சுக்கு. பின்னால் எதைச் சேர்த்தாலும் இதன் மேல்தான் சேர்க்க வேண்டும்.

ஒரே ஒரு துணைவினையை எடுத்துப் பார்ப்போம். எழுத்தில் 'பார்த்துக்கொண்டு' என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டுப் பேச்சில் அப்படிச் சொல்பவர் அரிது. மதுரை, தஞ்சாவூர்ப் பக்கம் 'பாத்துக்கிட்டு'. வேலூர், காஞ்சிபுரம், சென்னைப் பக்கம் 'பாத்துகினு'. பிராமண வீடுகளில் 'பாத்துண்டு'. பேசுகிறவர் இதைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் கேட்கிறவர் அந்த ஒரு அசையிலேயே இவர் எந்தப் பக்கம், எந்த வீடு என்று கணித்துவிடுகிறார். ஹாஸ்டல் அறையில் புதிதாக வந்த பெண் வாய் திறந்த முதல் நிமிடத்திலேயே "நீ திருவண்ணாமலையா?" என்ற கேள்வி வந்துவிடுகிறதே, அது இப்படித்தான்.

முதல் இரண்டு வடிவங்கள் நிலப்பரப்பைச் சொல்கின்றன. மூன்றாவது சாதியைச் சொல்கிறது. மொழியியலாளர்கள் இதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்துவிட்டார்கள். வில்லியம் பிரைட்டும், சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜனும் சேர்ந்து எழுதி 1964-இல் வெளிவந்த கட்டுரை, தமிழிலும் துளுவிலும் பிராமணர் பேச்சும் மற்றவர் பேச்சும் வெவ்வேறு வழியில் மாறுவதைக் காட்டியது. அடுத்த ஆண்டே எம். சண்முகம் பிள்ளை, உறவுமுறைச் சொற்கள் சாதிக்குச் சாதி எப்படி மாறுகின்றன என்று எழுதினார்.

ஸ்ரீபெரும்புதூருக்கு இது புதிய செய்தி இல்லை. 1017-இல் இராமானுசர் பிறந்ததாகக் கருதப்படும் ஊர் இது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றிய வைணவ வீடுகளில் ரசம் சாத்தமுது, பாயசம் திருக்கண்ணமுது, சமையல் செய்வது தளிகை பண்ணுவது. இரண்டு தெரு தள்ளிப் போனால் இந்தச் சொற்கள் இல்லை. ஒரே ஊர், ஒரே கிணற்றுத் தண்ணீர். பழகும் வட்டம் வேறு என்பதால் சொல் வேறு. ஆலைகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த ஊரில் பேச்சு சமூகத்தின் வழியாகத்தான் பிரிந்து ஓடியது.

காய்: வேலை கொண்டுவந்தது

பருப்பை மாற்றுவது கஷ்டம். காயை மாற்றுவது சுலபம். சந்தைக்கு வந்தது சட்டிக்கு வரும். பேச்சில் சொற்கள் அப்படித்தான். எந்த வேலை யார் கையிலிருந்து வருகிறதோ, அந்தக் கையிலிருந்தே அதன் சொற்களும் வருகின்றன.

லைனில் நிற்கும் ஒருவர் சொல்லக்கூடிய வாக்கியம்: "லைன் நின்னுடுச்சுக்கா, ரீவொர்க் ஏறிக்கினே போவுது, ரிலீவர் வந்தாதான் நான் நகர முடியும்." லைன், ரீவொர்க், ரிலீவர் மூன்றும் ஆங்கிலம். ஆனால் வாக்கியத்தைக் கட்டித் தாங்குவது எது? 'நின்னுடுச்சு', 'ஏறிக்கினே போவுது', 'வந்தாதான்', 'நகர முடியும்'. வினை, விகுதி, நிபந்தனை, அழுத்தம் எல்லாம் தமிழ். 'ஏறிக்கினே' என்பதில் வடமாவட்டத்துப் பருப்பு அப்படியே இருக்கிறது. மூன்று காய் புதிது என்பதால் குழம்பு வேறாகிவிடவில்லை.

ஜப்பானிய உற்பத்தி முறை வந்தபோது அதன் சொற்களும் வந்தன. சிறுசிறு முன்னேற்றங்களைத் தொடர்ந்து செய்வதற்குக் கைசன். வேலையிடத்தை ஒழுங்காக வைப்பதற்கு 5எஸ்: செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. ஐடிஐ முடித்துப் பயிற்சிக்கு வரும் பையன் முதல் வாரத்திலேயே இந்த ஐந்தையும் மனப்பாடமாகச் சொல்கிறான். ஜப்பானை அவன் வரைபடத்தில்தான் பார்த்திருப்பான். ஆனால் இந்தச் சொற்கள் தெரியாமல் அவன் பெர்மனென்ட் ஆக முடியாது. அதிகாரமும் சம்பளமும் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றனவோ, சொற்களும் அந்தப் பக்கத்திலிருந்தே இறங்குகின்றன. ஊரில் நாற்று நடவுக்கும் ஏர் உழவுக்கும் இருந்த அத்தனை சொற்களில் ஒன்றுகூட ஆலைக்குள் ஏறாததற்கும் காரணம் இதுதான்.

கலப்புப் பேச்சைக் கண்டு முகம் சுளிப்பவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூரே பதில் வைத்திருக்கிறது. இராமானுசரின் சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு எழுதிய முதல் உரையான ஆறாயிரப்படி, தமிழும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாள நடையில் எழுதப்பட்டது. அதற்குப் பின் வந்த பெரும் வியாக்கியானங்களும் அதே நடையில்தான். அந்தக் கலப்பை இன்றும் புலமையின் அடையாளமாக மதிக்கிறோம். லைனில் நிற்கும் பெண் "ரீவொர்க் ஏறிடுச்சு" என்றால் மட்டும் தமிழ் கெட்டுவிட்டது என்கிறோம். இரண்டிலும் நடந்தது ஒன்றே: ஒரு துறையின் சொற்கள் தமிழ் இலக்கணத்துக்குள் வந்து உட்கார்ந்தன. கலந்தவரின் சமூக இடத்தைப் பார்த்துத்தான் ஒன்றுக்குப் பெருமையும் மற்றொன்றுக்குப் பழியும் கிடைக்கின்றன.

உப்பு: மரியாதையின் அளவு

உப்பு கண்ணுக்குத் தெரியாது. கூடினாலும் குறைந்தாலும் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும். தமிழில் அந்த உப்பு 'ங்க' என்ற விகுதி. வா, வாங்க. நீ, நீங்க. அவ, அவங்க. கூடவே சார், மேடம், அண்ணே, அக்கா, ம்மா, டா, டி.

1960-இல் ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் ஐரோப்பிய மொழிகளில் 'நீ', 'நீங்கள்' எப்படிப் புழங்குகின்றன என்று ஆராய்ந்து இரண்டு விசைகளைச் சொன்னார்கள்: அதிகாரமும் நெருக்கமும். இருவரும் ஒருவரையொருவர் 'நீ' என்றால் நெருக்கம். இருவரும் 'நீங்கள்' என்றால் விலகலோடு கூடிய மரியாதை. ஒருவர் 'நீ' என்று கொடுத்து 'நீங்கள்' என்று வாங்கினால் அங்கே அதிகாரம் வேலை செய்கிறது. ஸ்டீபன் லெவின்சன் மேற்குத் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் இந்தக் கொடுக்கல் வாங்கலை ஆராய்ந்து 1982-இல் எழுதினார். யார் யாரை எப்படி அழைக்கிறார் என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் சாதிகளின் மேல்கீழ் அதில் வெளிப்பட்டது.

ஆலைக்குள் இந்த அடுக்கு சாதியின் பெயரைச் சொல்லாமல் வேறு பெயரில் நுழைகிறது: பெர்மனென்ட், டிரெய்னி, காண்ட்ராக்ட். இருபத்துநான்கு வயது லைன் லீடர், நாற்பது வயதில் காண்ட்ராக்டில் தரை துடைக்கும் பெண்ணிடம், "ஏம்மா, இங்க தொடச்சியா இல்லையா?" என்கிறார். அவர், "தொடச்சிட்டேன் சார்" என்கிறார். வெளியே, பஸ் ஸ்டாண்டில், அதே வயதுப் பெண்ணிடம் அதே இளைஞர் "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றுதான் சொல்லியிருப்பார். கேட்டைத் தாண்டியதும் வயதுக்கு இருந்த மதிப்பைப் பதவி எடுத்துக்கொள்கிறது. வளர்ப்பு சரியில்லை என்று அந்த இளைஞரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவருக்கு மேலே இருப்பவர் அவரிடம் எப்படிப் பேசுகிறாரோ, அதே அளவு உப்பைத்தான் அவர் கீழே இறக்குகிறார். இந்தப் பழக்கம் மேலிருந்து வருவது. திருத்துவதும் மேலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதே இடத்தில், மனதைச் சங்கடப்படுத்தும் இன்னொன்றும் நடக்கிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வரும் இளைஞன் முதலில் கற்கும் தமிழ் எது? அவனைப் பார்த்துச் சொல்லப்படும் தமிழ். "எடு. வை. தூக்கு. சீக்கிரம் வா. அங்க போ." ஒரு 'ங்க' அவன் காதில் விழுவதில்லை. ஆறு மாதம் கழித்து அவன் கடைக்காரப் பெரியவரிடம், "தண்ணி குடு" என்கிறான். "மரியாதை தெரியாத பயல்" என்று அவர் கோபப்படுகிறார். அவன் வீட்டு மொழியில் மரியாதைச் சொல் இல்லாமல் இல்லை. இந்தியில் 'ஆப்', ஒடியாவில் 'ஆபண' என்று பெரியவர்களை அழைத்துப் பழகியவன்தான். உப்புப் போடாத தமிழை நாம் அவனுக்குப் பரிமாறினோம். அவன் அதையே நமக்குத் திருப்பித் தருகிறான்.

கொதி: யாரோடு எவ்வளவு நேரம்

போட்டதெல்லாம் ஒன்றோடொன்று சேர நேரம் வேண்டும். எந்தப் பேச்சு எதோடு கலக்கும் என்பதை, யார் யாரோடு எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது.

லெஸ்லி மில்ராய் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் மூன்று உழைப்பாளர் குடியிருப்புகளை ஆராய்ந்து 1980-இல் புத்தகமாக வெளியிட்டார். வேலையும் குடியிருப்பும் உறவும் நட்பும் ஒரே ஆட்களோடு என்று நெருக்கமாகப் பின்னிக்கொண்டவர்கள் உள்ளூர்ப் பேச்சை உறுதியாகப் பிடித்துக்கொண்டார்கள். அதில் க்ளோனார்ட் பகுதியின் இளம்பெண்கள் தனியாகத் தெரிந்தார்கள். ஒரே இடத்தில் வேலை செய்து, ஒன்றாகப் பொழுது போக்கிய அவர்களிடம், ஒரு குறிப்பிட்ட உயிரொலியின் உள்ளூர் உச்சரிப்பு அதே பகுதி ஆண்களைவிடக்கூட அதிகமாக இருந்தது.

இதை அப்படியே எடுத்து வல்லம் வடகாலில் வையுங்கள். ஒரே அறை, ஒரே பஸ், ஒரே லைன், ஒரே கேன்டீன். தர்மபுரி, கள்ளக்குறிச்சி, தஞ்சாவூர், தென்காசிப் பெண்கள் ஒரு கூரையின் கீழ். தென்காசிப் பெண்ணின் 'ஏட்டி' சில மாதத்தில் 'ஏய்' ஆகிறது. 'அவிய' என்றது 'அவங்க' ஆகிறது. எல்லோருக்கும் புரிகிற, எந்த ஊரையும் காட்டிக்கொடுக்காத ஒரு நடுத்தமிழ் உருவாகிறது. சினிமாவும் டிவியும் அதற்குத் துணை. அதே சமயம் இரண்டு தென்காசிப் பெண்கள் ஒரே அறையில் அமைந்துவிட்டால் அறைக்குள் ஊர்ப் பேச்சு செழிப்பாக வாழ்கிறது. கூட்டு யார் என்பதைப் பொறுத்தே எது கரைகிறது, எது நிலைக்கிறது என்பது முடிவாகிறது.

வேறு மொழிக்காரர்கள் தமிழ் கற்பதும் இதே விதிப்படிதான். 1970-களில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில், ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆலை வேலைக்கு வந்தவர்கள் ஜெர்மன் மொழியை எவ்வளவு கற்றார்கள் என்று ஓர் ஆய்வுக் குழு அளந்தது. ஓய்வு நேரத்தில் ஜெர்மானியரோடு எவ்வளவு பழகினார்கள் என்பதோடுதான் அவர்களின் மொழித்திறன் மிக நெருக்கமாக ஒத்துப்போனது. வேலையிடத்துப் பழக்கமும் வந்தபோது இருந்த வயதும் முக்கியம்தான். ஆனால் அதற்கு அடுத்தபடிதான்.

நம் ஊரில் வடமாநிலத் தொழிலாளி எங்கே தங்குகிறார்? காண்ட்ராக்டர் பிடித்துக் கொடுத்த அறையில், எட்டுப் பேரோடு, எட்டுப் பேரும் அவர் ஊர்க்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து பேசத் தமிழ்க்காரர் யாரும் இல்லை. "இத்தனை வருஷமாச்சு, இன்னும் தமிழ் வரல" என்று குறை சொல்பவர்கள், அவர் எந்தச் சட்டியில் கொதிக்கிறார் என்று ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும்.

கொதி நீண்டால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்துக் குப்வார் கிராமம் உதாரணம். மராத்தி, கன்னடம், உருது பேசுவோர் தலைமுறை தலைமுறையாக அங்கே சேர்ந்து உழைத்தார்கள். ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் 1971-இல் எழுதியதுபோல், மூன்று மொழிகளின் வாக்கிய அமைப்பும் ஒன்றை ஒன்று நெருங்கிவிட்டது. சொற்கள் மட்டும் தனித்தனியாக நின்றன. வீட்டில் தன் அடையாளத்தைக் காக்கச் சொல் வேண்டும். வயலில் விரைவாகப் புரிந்துகொள்ள ஒரே அமைப்பு வேண்டும். இரண்டு தேவையும் இப்படி நிறைவேறின. ஸ்ரீபெரும்புதூரில் கொதி தொடங்கி முப்பது ஆண்டுகூட ஆகாத மூலைகள் நிறைய. அதனால் இங்கே சொற்கள்தான் இப்போதைக்குக் கைமாறுகின்றன.

தாளிப்பு: யார் வந்திருக்கிறார்கள்

தாளிப்பு கடைசி நிமிடத்து வேலை. வந்திருப்பவர் யார் என்று பார்த்துவிட்டு நெய்யா எண்ணெயா என்று முடிவு செய்கிறோம். பேச்சிலும் கேட்பவர் யார் என்று பார்த்தே கடைசி மணம் ஏறுகிறது.

நியூசிலாந்தின் வெலிங்டனில் ஒரே செய்தி வாசிப்பாளர்கள் ஒரே கட்டடத்திலிருந்து இரண்டு வானொலி நிலையங்களுக்குச் செய்தி வாசித்தார்கள். அவர்களின் உச்சரிப்பு நிலையத்துக்கு நிலையம் சீராக மாறுவதை ஆலன் பெல் கவனித்தார். வாய் அதே, செய்தி ஏறக்குறைய அதே. மாறியது கேட்கும் மக்கள் மட்டுமே. பேசுகிறவர் தன் பேச்சைக் கேட்பவருக்கென்றே வடிவமைக்கிறார் என்று 1984-இல் அவர் எழுதினார்.

வில்லியம் லபோவ் 1962-இல் நியூயார்க்கின் மூன்று பெரிய கடைகளில் செய்தது இன்னும் எளிமையான சோதனை. ஒன்று பணக்காரர் கடை, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவுக் கடை. நான்காவது மாடியில் இருக்கும் ஒரு பொருளைக் கேட்டு 264 ஊழியர்களை "நான்காவது மாடி" என்று ஆங்கிலத்தில் சொல்ல வைத்தார். அந்த இரண்டு சொல்லிலும் வரும் 'ர்' ஒலியை உச்சரிப்பது அங்கே கௌரவம். பணக்காரர் கடையில் அது மிகுந்தும், மலிவுக் கடையில் குறைந்தும் ஒலித்தது. மூன்று கடையிலும் கேட்டது கடை ஊழியர்களின் பேச்சைத்தான். பணக்காரர் கடையில் நின்றவர்கள் வாடிக்கையாளரின் கௌரவத்தைத் தங்கள் நாக்கில் ஏற்றிக்கொண்டார்கள்.

நம் பெண் "வந்துடறேன் சார்" என்று லைன் லீடரிடம் சொல்லிவிட்டு அம்மாவிடம் "பேசுதேன்" என்று திரும்புவதும் இதே வேலைதான். இதில் நடிப்பு எதுவும் இல்லை. எழுத வேண்டி வந்தால் இன்னொரு தாளிப்பு: லீவு லெட்டரில் "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி, வாயால் ஒருநாளும் சொல்லாத "வேண்டிக்கொள்கிறேன்" என்று முடிப்பார். தமிழ் கற்றவர் எல்லோரும் பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என இரண்டு அடுப்பைச் சேர்ந்தே பராமரிக்கிறோம்.

எதிர்காலம் பற்றிய ஆசையும் தாளிப்பை மாற்றும். அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில், தீவிலேயே தங்கி வாழ நினைத்த இளைஞர்களிடம் தீவுக்குரிய உச்சரிப்பு ஓங்கியிருந்ததையும், வெளியேற நினைத்தவர்களிடம் அது மங்கியிருந்ததையும் 1963-இல் லபோவ் எழுதினார். மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிக் கல்யாணம் செய்துகொள்ளப் போகும் பெண்ணையும், ஸ்ரீபெரும்புதூரிலேயே வீடு எடுத்துத் தங்கிவிட நினைக்கும் பெண்ணையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், பேச்சு போகிற திசையில் அந்த ஆசை தெரியும்.

பந்தி: யாருக்குக் கிடைக்கிறது

சமைத்தது எல்லோருக்கும் எட்டுகிறதா என்பது பந்தியில் தெரியும். ஆலையில் அந்தப் பந்தி அறிவிப்புப் பலகை. பல பத்தாண்டுகள் இந்திய ஆலைகளை ஆண்ட 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, கட்டாய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. அந்தக் காலத்துக்கு நல்ல சட்டம். ஒரே ஊர்க்காரர்கள் வேலை செய்த ஆலைக்கு அது போதும். நூறு பேரில் அறுபது பேர் தமிழ், இருபத்தைந்து பேர் இந்தி, பதினைந்து பேர் ஒடியா என்று இருக்கும் ஆலையில் 'பெரும்பான்மை' என்ற சொல் நாற்பது பேரைப் பந்திக்கு வெளியே நிறுத்துகிறது. பிரஸ் மெஷினுக்குக் கை வைக்கும் ஆளுக்கு எச்சரிக்கை புரியவில்லை என்றால் போவது விரல்.

தமிழ்க்காரர்களுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. பலகையில் இருப்பது எழுத்துத் தமிழ், அதுவும் ஆங்கிலத்தை நிழல்போல் பின்தொடரும் தமிழ். "இயந்திரம் இயக்கத்தில் உள்ளபோது பாதுகாப்புக் கவசங்களை அகற்றுதல் கூடாது" என்று இருக்கும். "மெஷின் ஓடும்போது கார்டைக் கழட்டாதீங்க" என்று எழுதினால் பிளஸ் டூ முடித்து நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் ஒரே பார்வையில் புரியும். அந்த வாக்கியத்தில் மரியாதையும் குறையவில்லை, தமிழும் குறையவில்லை.

இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். சாம்பாருக்கு விருப்பம் கிடையாது, மனிதருக்கு உண்டு. பிறந்த வீடு, கிடைத்த வேலை, மேலே இருக்கும் அதிகாரி, தங்கும் அறை இவையெல்லாம் ஒருவரின் பேச்சை ஆக்குகின்றன என்பது உண்மை. அந்த நெருக்கடிக்குள்ளும், அறையில் சிரித்துவிடுவார்கள் என்று தெரிந்தே 'பேசுதேன்' என்று அம்மாவிடம் சொல்கிற பெண் ஒரு முடிவை எடுக்கிறார். புதிதாக வந்த பீகார்ப் பையனிடம் "இதை இப்படிப் பிடிங்க தம்பி" என்று சொல்கிற மூத்த ஆபரேட்டரும் ஒரு முடிவை எடுக்கிறார்.

அப்படிப்பட்ட முடிவுகளை எடுக்கக்கூடிய இடத்தில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் மூன்று. இண்டர்வியூவில் ஆளை எடுப்பவர்கள் வேலையைத் தெரிந்துகொள்ளும் கேள்வியைக் கேளுங்கள். 'இன்னா' என்றாரா 'என்ன' என்றாரா என்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள். லைன் லீடர்கள், சூப்பர்வைசர்கள், காண்ட்ராக்ட் ஆளிடமும் வெளிமாநிலத்து ஆளிடமும் 'ங்க' போட்டுப் பேசுங்கள்; ஒரு பைசா செலவில்லாமல், ஒரே ஷிஃப்டில் ஆலையின் காற்றை மாற்றும் காரியம் அது. நிர்வாகங்கள், லைனில் எத்தனை மொழிக்காரர்கள் நிற்கிறார்களோ அத்தனை மொழியிலும், அவர்கள் வாயில் புழங்கும் சொற்களிலேயே பாதுகாப்புப் பயிற்சி கொடுங்கள். இந்த மண்ணில் கார் செய்கிற, போன் செய்கிற கைகளுக்கு உரியவர்கள் பேசும் எந்தப் பேச்சும் குறைப்பேச்சு அல்ல. அதைக் குறையென்று சொல்லும் உரிமை நம் யாருக்கும் இல்லை.